யெஸ்டி சிலிண்டர் – ஹோல்டு

செப்டம்பர் 9

காலை 11.47. போன்ல ‘ஜெசி’ன்னு வந்துச்சு. எடுத்து “சொல்லுடி”ன்னேன். மாமா பேசினாரு.

செப்டம்பர் 10

அடக்கம் சாயங்காலம் நாலு மணி. மழை இல்ல.

செப்டம்பர் 15

எதுக்கு எழுதறேன்னு தெரியல. கம்பெனியில தினமும் டைரி எழுதணும், அந்தப் பழக்கம். பெயிண்ட் இன்ஸ்பெக்டர். எந்த பீஸ், எந்த கோட்டு, எத்தனை மைக்ரான், ஓகேவா, இல்ல கொறை இருக்குன்னு ஹோல்டான்னு எழுதி கையெழுத்து போட்டாத்தான் அன்னிக்குப் பொழுது முடியும். இப்ப லீவு. எழுத பீஸ் எதுவும் இல்ல.

அதனால நடந்ததை எழுதறேன். ஜெசிக்கு டெங்கு. மூணு நாள் ஹாஸ்பிட்டல். அன்னிக்கு அவளே எந்திரிச்சு ஒக்காந்து இட்லி சாப்ட்டா. “பிளேட்லெட் ஏறுதுல்ல, நீ கம்பெனிக்குப் போயி அந்த டேங்கைப் பாத்துட்டு வா, இங்க ஒக்காந்து என்னை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாத”ன்னா. போனேன். மாமாவோட போன் காலையில ஹாஸ்பிட்டல் பாத்ரூம் பக்கெட்டுல விழுந்துருச்சு. அதான் அவ போன்ல இருந்து கூப்பிட்டாரு.

அவ்வளவுதான் விவரம்.

செப்டம்பர் 19

சாயங்காலம் ஆறரை. போன் அடிச்சுது. ஜெசி. ஸ்க்ரீன்ல அந்த முட்டாய் கலர் துப்பட்டா போட்டோ.

ஒரே ரிங்ல எடுத்துட்டேன். போன் கை பக்கத்துல இருந்துச்சு.

மாமாதான். அவரு போன் ரிப்பேர்ல இருக்காம், அது வர்ற வரைக்கும் இதை வச்சிருக்காராம்.  அப்பறம் அவரே, “மாப்ள, அந்த வண்டி எந்த ஸ்டாப்ல நிக்குது?”ன்னாரு.

மாமா டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. எதையும் ஸ்டாப் கணக்குலதான் கேப்பாரு. வண்டின்னா அவரோட பழைய யெஸ்டி. ஜெசியை டேங்க் மேல ஒக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டு போன வண்டி. பல வருஷமா பொன்மலைப்பட்டி வீட்டுல, தண்ணித்தொட்டி பக்கத்துல, கோணி போத்திக் கெடந்துச்சு. ஜூன் மாசம் ஜெசிதான் அதை இங்க இழுத்துட்டு வந்தா. “அப்பா மறுபடி ஓட்டணும், நான் பின்னாடி ஒக்காரணும். உள்பக்கம் மெக்கானிக் முபாரக் பாய் பாத்துக்குவாரு. வெளிய பெயிண்ட் நீ. ஊர் இரும்புக்கெல்லாம் நொட்டை சொல்றல்ல, நம்ம வீட்டு இரும்பைப் பண்ணு பாப்போம்”ன்னா.

எஞ்சின் ஹால்ல, பேப்பர் மேல, பிரிச்சபடியே கெடக்கு. செப்டம்பர் முதல் வாரத்துல விட்டது.

“இன்னும் துவாக்குடியிலயே நிக்குது மாமா”ன்னேன். துவாக்குடிதான் அவரு ரூட்டு பஸ் கெளம்பற எடம்.

“சரி. எடுங்க, எடுங்க. நாளைக்கு கேக்கறேன்”ன்னாரு.

செப்டம்பர் 20

கேட்டாரு. ஆறரைக்கு.

செப்டம்பர் 22

எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தேன். மண்ணெண்ணெய், அப்பறம் சோப்புத் தண்ணி. சிலிண்டரைச் சுத்தி தகடு தகடா ஃபின் இருக்கும், காத்து பட்டு சூடு ஆறறதுக்கு. அந்த சந்துக்குள்ள எந்தத் துணியும் போகாது, பழைய டூத் பிரஷ்தான் போகும்.

ஸ்டாண்ட்ல ரெண்டு இருந்துச்சு. என்னோடதை எடுத்துக்கிட்டேன். கடைக்கு போயி எனக்கு புதுசு வாங்கிட்டு வந்தேன்.

மாமாகிட்ட “திருவெறும்பூர் வந்துட்டோம்”ன்னு சொன்னேன்.

செப்டம்பர் 27

குணா பைக்குல வந்து கூட்டிட்டு போனான். என்கூட வேலை பாக்கறவன். அவனுக்குத் தெரிஞ்ச பட்டறையில சிலிண்டரை பிளாஸ்ட் பண்ணினோம். மணலைக் காத்தோட அடிச்சா பழைய பெயிண்ட், துரு எல்லாம் போயி இரும்பு வெளுத்த சாம்பல் கலர்ல வரும். அப்படி வந்த இரும்பை வெறுங்கையால தொடக்கூடாது. கை எண்ணெய் பட்ட எடத்துல பெயிண்ட் நிக்காது. ரொம்ப நேரம் சும்மா வைக்கவும் கூடாது, காத்து பட்டாலே துரு புடிக்கும். கிளவுஸ் போட்டு, வெள்ளைத் துணியில சுத்தி, மடியில வச்சு எடுத்துட்டு வந்தேன்.

காட்டூர் சிக்னல்ல பக்கத்து ஸ்கூட்டி அம்மா எட்டிப் பாத்து, “புள்ளைக்கு மூஞ்சிய மூடாதீங்க தம்பி, மூச்சு முட்டும்”னுச்சு.

குணா அரியமங்கலம் வரைக்கும் சிரிச்சான். நானும் சிரிச்சேன்னு நெனக்கறேன்.

துளை வாயையெல்லாம் துணி வச்சு அடைச்சு, கேஸ்கட் ஒக்கார்ற எடத்துக்கு டேப் ஒட்டி, சூடு தாங்கற ஹீட் பெயிண்ட் கறுப்பு, முதல் கோட்டு அடிச்சேன். மெல்லிசா.

செப்டம்பர் 30

ரெண்டாவது கோட்டு. காஞ்சதும் டார்ச் அடிச்சு பாத்தேன். ஒரு ஃபின் அடியில வழிசல்.

ஹோல்டு.

தின்னர் ஊத்தி மொத்தமும் கழுவிட்டேன். இந்த பெயிண்ட் அப்படித்தான். எத்தனை கோட்டு அடிச்சாலும், சுடற வரைக்கும் தின்னர் பட்டா கழண்டு வந்துரும். இருநூறு டிகிரியில ஒரு மணி நேரம் சுட்டாத்தான் இரும்போட சேந்து நிக்கும். சுட்டுட்டா அவ்வளவுதான், எதையும் மாத்த முடியாது.

மாமா: “எங்க மாப்ள?”

“அரியமங்கலம் வரைக்கும் போயிட்டு மறுபடி திருவெறும்பூருக்கே வந்துருச்சு மாமா.”

“பஸ்ஸு ரிவர்ஸ்ல வருதா? என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல”ன்னாரு. அப்பறம், “இன்னிக்கு ஒரு அம்மா இந்த நம்பருக்கு கூப்பிட்டு ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச் கேட்டுச்சு, பேரன் பொறந்த நாளாம். விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா ஓன்னு அழுவுது. நான் ஒக்காந்து சமாதானம் பண்ணினேன் மாப்ள”ன்னாரு.

அவ வீட்டுலயே கேக் பண்ணி குடுத்துக்கிட்டு இருந்தா. அதை இதுல எழுதலன்னு இப்பதான் பாக்கறேன்.

அக்டோபர் 4

மறுபடி ரெண்டு கோட்டு. பளபளப்பு ஒரே மாதிரி இல்ல. ஹோல்டு. கழுவியாச்சு.

அக்டோபர் 6

ஹெச்.ஆர். ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. என் தங்கச்சி கூப்பிட்டா. கோயில்ல இருந்து உபதேசியார் கூப்பிட்டாரு, முப்பதாம் நாள் பூசை விஷயமா. கை பெயிண்டா இருந்துச்சு. எடுக்க முடியல.

ஆறரைக்கு மாமா. கையைத் தொடைச்சுட்டு எடுத்தேன்.

அக்டோபர் 9

முப்பதாம் நாள் பூசை. பூசை முடிஞ்சு எல்லாரும் கல்லறைக்கு போனாங்க. நான் கோயில் வாசல்ல செருப்பெல்லாம் பாத்துக்கிட்டு நின்னேன்.

மாமா வீட்டுல சாப்பாடு. மேசை மேல ஜெசி போன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஓரத்துல அந்த விரிசல். நான் தொடல.

அத்தை ரசம் ஊத்தற சாக்குல பக்கத்துல வந்து மெதுவா சொன்னாங்க: “மாப்ள, அவரு அந்த போன்ல பேசறது எனக்குத் தாங்கல. நேத்து மார்க்கெட்ல நிக்கறேன், என் போன்ல ‘பாப்பா’ன்னு வருது. கத்திரிக்காயெல்லாம் கீழ போட்டுட்டேன். அந்த நம்பரை நிப்பாட்டிருங்கன்னு சொன்னா மனுசன் கேக்கல. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா.”

“சொல்றேன் அத்தை”ன்னேன்.

அக்டோபர் 10

ஆறரைக்கு மாமா கூப்பிட்டாரு. பெயிண்ட் பத்திப் பேசினோம். வேற விஷயம் பேச நேரம் இல்ல.

அக்டோபர் 13

அடிச்சேன். தூசி. ஹோல்டு.

அக்டோபர் 16

குணா பன்னும் பட்டரும் வாங்கிட்டு வந்தான். கம்பெனி கேஜையும் எடுத்துட்டு வந்திருந்தான், பெயிண்ட் கனம் பாக்கற கருவி. கேக்காம கொள்ளாம சிலிண்டர் மேல பத்து எடத்துல வச்சு பாத்தான்.

“டேய் பிரிட்டோ. நாப்பது, நாப்பத்தி ரெண்டு, முப்பத்தி ஒம்போது. இவ்வளவு சீரா நம்ம டேங்க் எதுவும் வந்ததில்லடா. இதுக்கு எதுக்கு ஹோல்டு?”

“கீழ வழிசல் இருக்கு.”

டார்ச் வாங்கி, தரையில குப்புற படுத்துப் பாத்தான். ஒவ்வொரு ஃபின்னா பாத்தான்.

“எங்கடா?”

“நீ பாக்கற ஆங்கிள் தப்பு.”

எந்திரிச்சு கையைத் தட்டிக்கிட்டான். “சாமியே எறங்கி வந்து அடிச்சுக் குடுத்தாலும் நீ ஹோல்டு போடுவ. ஜெசி சரியாத்தான் சொல்லும்.” அப்பறம் பேச்சை நிறுத்திட்டு கிச்சனைப் பாத்தான். ஜெசியோட ஓவன் அங்கதான் இருக்கு, மேல பூப்போட்ட துணி போத்தி. “இதுல வச்சா சிலிண்டர் தாராளமா உள்ள போகும். இருநூறு போகும்ல?”

“இருநூத்தம்பது வரைக்கும் போகும்.”

“பின்ன என்ன?”

“பெயிண்டைச் சுட்டா அதுல அப்பறம் சாப்பாட்டுச் சாமான் வைக்க முடியாது. வாடை போகாது.”

அவன் பன்னை ரெண்டாப் பிச்சு எனக்குப் பாதி குடுத்தான்.

அவன் போனப்பறம் கழுவிட்டேன்.

அக்டோபர் 20

மாமா இன்னிக்கு ஸ்டாப் கேக்கல. “மாப்ள, ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். ஃபாதர் சாயங்காலம் வந்து மந்திரிப்பாரு. பாப்பாவுக்கு இது மொத தடவை. நான் அந்த வண்டியிலதான் வரணும்னு நெனக்கறேன். பின் சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு வருவேன். அது கேட்டதுதான?”

அப்பறம், “நீங்க இன்னும் அங்க வரவே இல்ல. நான் தப்பா சொல்லல மாப்ள. வாங்கன்னு சொல்றேன். ஊரே அவங்கவங்க கல்லறைக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்கு. பாப்பாவோடது வெறும் மண்ணு, ஒரு இரும்புச் சிலுவை. பேரு கூட எழுதல.”

“எஞ்சின் முடியணும் மாமா.”

“முடிஞ்சுருமா?”

“பெயிண்ட் சரியா வந்தா.”

 “கடைசி ஸ்டாப் வந்துட்டா எறங்கித்தான மாப்ள ஆகணும்”னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

அக்டோபர் 21

அடிச்சேன். கழுவினேன்.

அக்டோபர் 24

ஈரப்பதம் அதிகம், இன்னிக்கு பெயிண்ட் வேலை பண்ணக்கூடாது. எஞ்சின் பக்க கவர் ரெண்டையும் எமரி போட்டுத் தேச்சேன். முதல்ல 220 நம்பர் பேப்பர், அப்பறம் 400. யெஸ்டியில கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு அதையே முன்னாடி மடக்கிக் கியர் போடணும். அந்த லீவர் ஒக்கார்ற எடத்துல ஒரு கீறல். அதை எடுத்தேன்.

ஆறரை ஆச்சு.

ஏழுக்கு போன்ல சிக்னல் இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. சைலண்ட்ல இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமான்னு யோசிச்சேன். ஆஃப்ல இருக்கற நேரத்துல வந்துருச்சுன்னா? பண்ணல.

தங்கச்சிக்கு போன் போட்டு, என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுன்னேன். குடுத்தா. அடிச்சுது. போன்ல பழுது இல்ல. “அண்ணே, என்னண்ணே, நல்லாருக்கியா?”ன்னா. போனை டெஸ்ட் பண்ணினேன்னு சொன்னேன்.

கவருக்கு மறுபடி 400 போட்டேன்.

அக்டோபர் 25

ஆறரை. ஜெசி.

மாமா பேசறதுக்கு முன்னாடி, “நேத்து ஏன் கூப்பிடல?”ன்னு கேட்டுட்டேன். சத்தமா கேட்டுட்டேன் போல.

“பொன்மலைப்பட்டி பூரா கரண்ட் இல்ல மாப்ள. இந்த போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. எல்லார்கிட்டயும் பேசிப் பேசி பேட்டரி போச்சு அதுக்கு.” அப்பறம் மெதுவா, “பயந்துட்டீங்களா?”ன்னாரு.

இல்லன்னேன்.

அக்டோபர் 26

ரெண்டு கோட்டு. வெயில் நல்லா இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். குப்புறப் படுத்துப் பாத்தேன். குணா பாத்த ஆங்கிள்ல இருந்தும் பாத்தேன்.

வழிசல் இல்ல. தூசி இல்ல. பளபளப்பு ஒரே மாதிரி.

தின்னர் டப்பா மூடியைத் தொறந்தேன். மூடினேன்.

அக்டோபர் 27

ஓவன் மேல இருந்த துணியை மடிச்சு பீரோவுல வச்சேன். உள்ள தட்டு ரெண்டும் கழுவி கவுத்தி வச்சிருந்தா. அதை எடுத்து வெளிய வச்சேன். ஜன்னலெல்லாம் தொறந்தேன்.

பீஸ் வைக்கறதுக்கு முன்னாடி வெறும் ஓவனைச் சூடு பண்ணணும். இருநூறுல போட்டேன்.

அஞ்சாவது நிமிஷம் வாடை வந்துச்சு. வெண்ணெய். வெனிலா. ஓரத்துல எங்கயோ கருகின சக்கரை. சனிக்கெழம சாயங்கால வாடை. ஆர்டர் நெறய இருக்கற அன்னிக்கு, நான் ஷிப்ட் முடிஞ்சு படியேறும்போதே வரும். “கையைக் கழுவிட்டு உள்ள வா, கம்பெனி பெயிண்டை என் கேக்குல ஒட்டாத”ன்னு உள்ள இருந்து சத்தம் வரும்.

ஜன்னலை மூடினேன். எல்லாத்தையும்.

ஓவன் முன்னாடி தரையில ஒக்காந்தேன். ரெடி லைட் அணைஞ்சுது. மறுபடி எரிஞ்சுது. அணைஞ்சுது. வாடை கொஞ்சம் கொஞ்சமா கம்மியாச்சு. எவ்வளவு நேரம்னு எழுதல, பாக்கல. ஒண்ணும் வரல, வெறும் சூடுதான்னு ஆனப்பறம் எந்திரிச்சு ஜன்னலைத் தொறந்தேன். கிளவுஸ் போட்டு சிலிண்டரை உள்ள வச்சேன்.

பெயிண்ட் பொகை வந்துச்சு. கண்ணு எரிஞ்சுது. ஹீட் பெயிண்ட் பொகைக்கு எல்லாருக்கும் எரியும்.

ஒரு மணி நேரம், 200 டிகிரி. உள்ளயே ஆற விட்டேன். அப்பறம் துணியில தின்னர் நனைச்சு ஒரு ஓரத்துல தேச்சுப் பாத்தேன். துணி வெள்ளையாவே இருந்துச்சு.

ஓகே.

மாமாகிட்ட “காந்தி மார்க்கெட் தாண்டிட்டோம்”ன்னேன். அங்க இருந்து கடைசி ஸ்டாப் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் ரொம்பக் கிட்ட. அவரு மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்பறம், “சரிங்க மாப்ள”ன்னாரு.

அக்டோபர் 31

முபாரக் பாய் வந்து எஞ்சினைப் பூட்டினாரு. சிலிண்டரைக் கையில தூக்கி, அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, “கம்பெனியில இருந்து வந்த அன்னிக்கு கூட இப்படி இருந்திருக்காதுங்க”ன்னாரு. நாலாவது உதையில ஸ்டார்ட் ஆச்சு. ஹால்ல பேப்பர் விரிச்ச எடம் காலியா இருக்கு. பெருக்கினேன்.

நவம்பர் 1

காலையில கல்லறைக்குப் போனேன், தனியா. நாளைக்கு வர்ற கூட்டத்துக்கு முன்னாடி.

எல்லாக் கல்லறையிலயும் யாராவது ஒக்காந்து தேச்சுக்கிட்டும் வெள்ளையடிச்சுக்கிட்டும் இருந்தாங்க. ஒரு சுண்ணாம்பு வாளிக்கும் பிரஷ்ஷுக்கும் ரெண்டு குடும்பம் சண்டை. “உங்க தாத்தாவுக்கு போன வருஷமே மூணு கோட்டு அடிச்சீங்க, இந்த வருஷமாவது எங்களுக்கு விடுங்க”ன்னு ஒரு அக்கா கத்துச்சு. எனக்கு எடம் தெரியல. அந்த அக்காதான் கேட்டுட்டு கை காட்டுச்சு: “அந்தக் கேக்கு பண்ற பொண்ணா? அந்த வேப்பமரத்துக்கு இந்தாண்ட.”

சிலுவையில அதுக்குள்ள துரு. எமரி போட்டேன். தொடைச்சேன். மிச்சமிருந்த பெயிண்ட்டை எடுத்துட்டு போகல. சூடு பண்ணாம அது நிக்காது. சாதா எனாமல் வாங்கிட்டு போயிருந்தேன், கறுப்பும் வெள்ளையும். பேரு நான்தான் எழுதினேன். ஜெசிந்தா பிரிட்டோ. ‘ஜெ’ல கொஞ்சம் வழிஞ்சிருச்சு.

அப்படியே விட்டுட்டேன்.

நவம்பர் 2

மாமா நாலு மணிக்கு அத்தையோட வீட்டுக்கு வந்தாரு, வெள்ளைச் சட்டை, கண்டக்டர் பை மாதிரி தோள்ல ஒரு பை. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. சிலிண்டரைத் தொட்டு, “தொடலாம்ல?”ன்னாரு. தொட்டப்பறம்தான் கேட்டாரு.

“சுட்டாச்சு மாமா. இனிமே யாரு தொட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

பையில இருந்து ரெண்டு போனை எடுத்தாரு. ஒண்ணு அவரோட பழைய போன். இன்னொண்ணு ஜெசியோடது.

“இது ரிப்பேராகி செப்டம்பர்லயே வந்துருச்சு மாப்ள”ன்னாரு, அவரு போனைக் காட்டி. “இதுல இருந்து உங்களுக்கு ஆறு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கவே இல்ல. சரி, பாப்பா போன்ல அடிச்சுப் பாப்போம்னு அடிச்சேன். ஒரே ரிங்கு. அப்பவே புரிஞ்சு போச்சு. தெனம் ஆறரைக்கு மாத்திரை மாதிரி குடுத்துக்கிட்டு இருந்தேன். உங்க அத்தை லூர்து கிட்ட எவ்வளவு ஏச்சு வாங்கினேன் தெரியுமா?”

அப்பறம் ஜெசி போனைக் காட்டினாரு.

“இதுல உங்க பேரைத் தேடி அன்னிக்கு நாக்கு தள்ளிப் போச்சு. பிரிட்டோன்னு தேடினேன், இல்ல. புருசன்னு தேடினேன், இல்ல. என்னன்னு போட்டு வச்சிருக்கு தெரியுமா? ‘ஹோல்டு பார்ட்டி’.” சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே மூக்கை உறிஞ்சினாரு. “எனக்கும் வேண்டியிருந்துச்சு மாப்ள. இந்த போனை எடுத்துப் பேசறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. நீங்க ஒவ்வொரு தடவை கழுவிட்டேன்னு சொல்றப்பவும் உள்ளுக்குள்ள சந்தோசமா இருக்கும். பெயிண்ட் அப்பவே சரியா இருந்துச்சுன்னு அந்தக் குணா தம்பி எங்கிட்ட சொல்லிருச்சு.”

ஜெசி போனை என் கையில வச்சாரு. “இனிமே நான் என் நம்பர்ல கூப்பிடுவேன். நீங்க எடுக்கணும். எடுப்பீங்களா?”

“எடுக்கறேன் மாமா.”

அவரு முன்னாடி யெஸ்டியில போனாரு. பின் சீட்டு காலி. நான் அத்தையை ஸ்கூட்டர்ல வச்சுப் பின்னாடியே போனேன். மேம்பாலத்துல ஏறும்போது, ரிட்டையர் ஆன மனுசன், ரெண்டு விரலை வாயில வச்சு விசில் அடிச்சாரு. அத்தை என் தோளைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. “மடையன், மடையன்”னு அவரைத் திட்டிக்கிட்டே அழுதாங்க.

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. மெழுகுவத்தி எல்லாக் கல்லறையிலயும். எங்களோடதுல காத்துக்கு ரெண்டு தடவை அணைஞ்சுது, அத்தை மறுபடி ஏத்தினாங்க.

இப்ப வீட்டுல இருக்கேன். ரெண்டு போனும் மேசை மேல.

ஆறரை தாண்டிருச்சு. அவ போனை எடுத்தேன். ‘ஹோல்டு பார்ட்டி’யைத் தேடி அமுக்கினேன்.

என் போன் அடிச்சுது. ஜெசி. முட்டாய் கலர் துப்பட்டா. மேசையில அதிர்ந்து அதிர்ந்து நகந்துச்சு. நான் எடுக்கல. ரிங் முழுசா போயி நின்னுச்சு. ‘ஜெசி, ஒரு தவறிய அழைப்பு’ன்னு வந்துச்சு.

மறுபடி அமுக்கலாம். நாளைக்கும் அமுக்கலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல, கரண்ட் போயி சார்ஜ் எறங்கினாத்தான் நிக்கும்.

விரல் அங்கயேதான் இருந்துச்சு.

நாளைக்குக் காலையில மாமா அவரு நம்பர்ல கூப்பிடுவாரு. எடுக்கணும்.

விடியற வரைக்கும் என் போனை ஆஃப் பண்ணிட்டேன். இனி அமுக்கினாலும் அடிக்காது.